கேள்வி–பதில்: நாலு சூவுக்கு ஒரு நாவல்

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சின் மலிவு விலைப் பட நாவல்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். காசுக் கணக்கு அடிக்கடி வரும் என்பதால் ஒரு குறிப்பு: 1 பிராங்க் = 100 சாந்தீம். 5 சாந்தீம் காசுக்கு மக்கள் வைத்த பெயர் 'சூ'. அதாவது 20 சூ சேர்ந்தால் ஒரு பிராங்க்.

1830களில் பிரான்சில் ஒரு நாவல் என்ன விலை? சாதாரண மக்கள் வாங்கினார்களா?
– ஒரு வாசகர், மதுரை

வாங்கவில்லை. வாங்குவார்கள் என்று பதிப்பாளரும் எதிர்பார்க்கவில்லை. பெரிய அளவில் இரண்டு பாகம், பாகம் ஏழரை பிராங்க், ஆக மொத்தம் 15 பிராங்க் என்பது அப்போது வழக்கமான விலை. பாரிசில் கைத்தொழிலாளி ஒருவருக்கு, வேலை இருந்த நாளில், கிடைத்த கூலி மூன்று முதல் நான்கு பிராங்க். பெண்களுக்கு அதில் பாதிகூட இல்லை. ஒரு கதைக்காக நாலு நாள் கூலியை யார் கொடுப்பார்கள்?

நாவலை வாங்கியது லெண்டிங் லைப்ரரிகள். பாரிசில் மட்டுமே அவை நூற்றுக்கணக்கில் இருந்தன. சில சூ கொடுத்து அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். மாதச் சந்தா கட்டி வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். வாடகை பாகக் கணக்கில் என்பதால், ஒரே கதை எத்தனை பாகமாக வருகிறதோ அத்தனை லாபம். அதற்கேற்ப எழுத்தைப் பெரிதாக்கி, ஓரத்தைத் தாராளமாக விட்டு, அத்தியாயம் முடிந்தால் மீதிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, ஒரு பாகத்தில் அடங்கும் கதையை இரண்டாக இழுத்தார்கள். அச்சிட்டது ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு படி. படி குறைவு என்பதால் விலை ஏறியது, விலை ஏறியதால் படி குறைந்தது. இதற்கு நடுவே பிரஸ்ஸல்ஸ் அச்சகத்தார் அதே நாவலை உரிமைத்தொகை கொடுக்காமல் அச்சிட்டு மலிவாக விற்றார்கள். 1852இல் பிரான்சும் பெல்ஜியமும் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அது ஓய்ந்தது.

இந்த விலைக்கு முதல் அடி கொடுத்தவர் ழெர்வே ஷார்பாந்தியே என்ற பதிப்பாளர். 1838இல் கைக்கு அடங்கும் அளவில், பக்கத்தை வரிகளால் நிரப்பி, இரண்டு பாகத்தை ஒன்றாக்கி மூன்றரை பிராங்குக்கு விற்றார். பெரிய குறைப்புதான். ஆனாலும் அது தொழிலாளிக்கு ஒரு முழு நாள் கூலி. அதை வாங்கியவர்கள் மாணவர்கள், குமாஸ்தாக்கள், வக்கீல்கள். படம் கிடையாது.

செய்தித்தாள் தொடர்கதைதான் மலிவு நாவலைக் கொண்டுவந்தது என்று படித்தேன். சரியா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பாதி சரி. 1836 ஜூலை 1ஆம் தேதி எமில் தெ ழிரார்தனின் 'லா பிரெஸ்' பத்திரிகையும் அதற்குப் போட்டியான 'லெ சியெக்ல்' பத்திரிகையும் வெளிவந்தன. மற்ற தாள்கள் ஆண்டுக்கு 80 பிராங்க் வாங்கியபோது இவை 40 வாங்கின. குறைந்த பணத்தை விளம்பரம் ஈடுகட்டியது. விளம்பரம் வர வாசகர் வேண்டும், வாசகர் வரக் கதை வேண்டும். பக்கத்தின் அடிப்பகுதியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே தொடர்கதை ஓடியது. 1842 முதல் 1843 வரை எழேன் ஸ்யூவின் 'பாரிஸ் மர்மங்கள்' ஒரு நாளிதழில் வந்து நாட்டையே ஆட்டிவைத்தது. அவருடைய அடுத்த தொடருக்கு 'லெ கோன்ஸ்தித்யூசியோனெல்' என்ற தாள் ஒரு லட்சம் பிராங்க் கொடுத்தது. நாலாயிரத்துக்கும் குறைவாக இருந்த அதன் சந்தாதாரர் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டியது.

ஆனால் சந்தா என்பது மொத்தமாகக் கட்டும் பணம். 40 பிராங்கை ஒரே நேரத்தில் எடுத்துவைக்கக் கூலிக்காரரால் முடியாது. அவர் காபிக் கடையில் படித்தார், அல்லது யாரோ உரக்கப் படிக்கக் கேட்டார். அந்தத் தொடர்களில் படமும் இல்லை. செய்தித்தாள் செய்த பெரிய உதவி வேறு: எழுத்தாளருக்குரிய பெருந்தொகையை அதுவே கொடுத்துவிட்டது, கதையின் பெயரை ஊரெல்லாம் பரப்பியும் விட்டது. பின்னால் வந்த மலிவுப் பதிப்பாளர் மறுபதிப்பு உரிமைக்குச் சிறு தொகை கொடுத்தாலே போதும் என்று ஆயிற்று.

'நாலு சூ நாவல்' என்றால் என்ன? எப்படி இருக்கும்? அந்த விலை எப்படிக் கட்டுப்படியானது?
– ஓய்வுபெற்ற அச்சக மேலாளர், சிவகாசி

உங்கள் தொழில் பாஷையிலேயே சொல்லிவிடலாம். ஒரு பெரிய தாள், அதன் முன்னும் பின்னும் எட்டு எட்டாகப் பதினாறு பக்கம், மூன்று மடிப்பு: ஒரு ஃபாரம். அதை 20 சாந்தீமுக்கு, அதாவது நாலு சூவுக்கு விற்றார்கள். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் 'லிவ்ரெசோன்' என்று பெயர். நாவல் முடியும்வரை இப்படி ஒவ்வொன்றாக வரும். கடைசியில் வாசகர் சேர்த்துத் தைத்துக்கொள்வார். 1848–49இல் குஸ்தாவ் அவார், ழோசெப் பிரி, குஸ்தாவ் பார்பா ஆகிய மூன்று பதிப்பாளர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதில் இறங்கினார்கள்.

கணக்கு இப்படி. பழைய லெண்டிங் லைப்ரரி நாவலில் ஒரு பக்கத்துக்கு 150 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சூ நாவலின் பக்கம் பெரியது, எழுத்து பொடி, செய்தித்தாள்போல் நெடுக்காக இரண்டு பத்தி. பக்கத்துக்கு 900 சொல் என்றால் பதினாறு பக்கத்தில் 14,400 சொல். படங்களுக்கு இடம் விட்டாலும், பழைய புத்தகத்தின் எண்பது, தொண்ணூறு பக்கம் ஒரே ஃபாரத்தில் அடங்கிவிடும். 15 பிராங்க் நாவலை இந்த வடிவில் ஒன்றிரண்டு பிராங்குக்குள் முடித்துவிடலாம். தாள், மை, அச்சுக்கூலி எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கும். அச்சுக்கோப்புச் செலவு மட்டும் சுருங்காது, ஏனென்றால் சொல் எண்ணிக்கை அதேதான். அதனால்தான் ஆயிரக்கணக்கில் விற்றால் மட்டுமே தாங்கும். விற்காவிட்டால் மூன்றாவது ஃபாரத்திலேயே பதிப்பாளர் கைவிரித்துவிடுவார்.

மூலதனத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. முழுப் புத்தகத்துக்கும் முன்கூட்டித் தாள் வாங்க வேண்டியதில்லை. முதல் ஃபாரம் விற்ற காசில் மூன்றாவது ஃபாரத்துக்குத் தாள் வரும். ஈய எழுத்தும் முடங்கிக் கிடக்காது. ஃபாரம் அச்சானதும் கலைத்து அடுத்ததற்குக் கோக்கலாம், அல்லது கோத்த பக்கத்தை அச்செடுத்து ஒரே ஈயத் தகடாக, அதாவது ஸ்டீரியோவாக, வார்த்து வைத்துக்கொண்டு எழுத்தை விடுவிக்கலாம்.

பிரித்தது பக்கக் கணக்கில்தான், கதைக் கணக்கில் அல்ல. பதினாறாம் பக்கத்தின் அடியில் வாக்கியம் பாதியில் நிற்கும். சில சமயம் சொல்லே இரண்டாக உடைந்து மீதி அடுத்த வாரம் வரும். அத்தியாய முடிவில் மர்மம் வைத்து நிறுத்துவது செய்தித்தாள் தொடரின் உத்தி. நாலு சூ நாவலுக்கு அது தேவைப்படவில்லை, பாதி வாக்கியமே போதுமானதாக இருந்தது!

பெரும்பாலும் மறுபதிப்புகள்தான். போல் தெ கோக் போன்ற பழைய சிரிப்பு நாவலாசிரியர்களும் மொழிபெயர்ப்புகளும் பார்பாவிடம். பால்சாக், ழோர்ழ் சாந்த், விக்தோர் ஹ்யூகோ ஆகியோரின் எழுத்துகளும் 1850களின் முற்பாதியில் இதே வடிவில் படங்களோடு வந்தன. ஒரே கதை ஏணி இறங்குவதுபோல் இறங்கியது: முதலில் செய்தித்தாள், பிறகு விலை உயர்ந்த பாகங்கள், பிறகு மூன்றரை பிராங்க், 1850களின் நடுவிலிருந்து மிஷெல் லெவியின் ஒரு பிராங்க், பிறகு சூக்கணக்கு. ஹ்யூகோவின் 'லே மிசெராப்ள்' 1862இல் பத்துப் பாகமாக 60 பிராங்குக்கு வந்தது. 1865இல் பிரியோன் வரைந்த படங்களோடு மக்கள் பதிப்பும் வந்துவிட்டது.

மலிவுப் பதிப்பில் படம் ஏன்? அதைத் தவிர்த்தால் விலை இன்னும் குறைந்திருக்குமே!
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

விலை கொஞ்சம் குறைந்திருக்கும், விற்பனை படுத்திருக்கும். அந்தக் காலத்து நாலு சூ ஃபாரத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள்: மேல் பாதி முழுக்க ஒரு படம், அதன் கீழே தலைப்பு, அதற்குப் பிறகுதான் கதை. ரேப்பர் கிடையாது, முதல் பக்கம்தான் ரேப்பர். கடைச் சன்னலில் கயிற்றில் தொங்கவிட்டால் தெருவில் போகிறவர் கண்ணில் படுவது அந்தப் படம். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு இது காதல் கதையா, கொலைக் கதையா, கடல் கதையா என்று அதுவே சொல்லிவிடும். விற்பனையாளன் வேலையைச் செய்த படத்தை அலங்காரச் செலவில் சேர்க்க முடியாது.

முதல் பக்கத்துக்காக வரைந்ததால் ஒரு விபரீதமும் உண்டு. ஃபாரம் தொடங்கும் இடத்தில் கதையில் யாரோ சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருப்பார்; மேலே படத்தில் கத்திக்குத்து நடக்கும். அந்தக் கத்திக்குத்து பத்துப் பக்கம் தள்ளி வரும், சில சமயம் போன ஃபாரத்திலேயே முடிந்திருக்கும். படங்களுக்குக் கீழே உரையாடல் வரியோ பாத்திரத்தின் பெயரோ போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் படங்களைச் செய்த விதத்தை விரிவாகச் சொல்லுங்கள். செதுக்கிய மரம் ஆயிரக்கணக்கான படிகளைத் தாங்குமா?
– ஓவிய ஆசிரியர், கும்பகோணம்

தாங்கும். ரகசியம் மரத்தை அறுக்கும் திசையில் இருக்கிறது. பழைய மர அச்சில் பலகையின் நெடுக்கில், நார் ஓடும் பக்கத்தில், கத்தியால் செதுக்குவார்கள், நுண்கோடு உடைந்துபோகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பியூவிக் என்ற செதுக்கர் பரப்பிய முறை வேறு: பாக்ஸ்வுட் என்னும் மிக அடர்த்தியான மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த வெட்டு முகத்தில் செம்புத் தகட்டுக்குப் பயன்படும் கூருளியால் செதுக்குவது. நார் செங்குத்தாக நிற்பதால் எந்தத் திசையிலும் உளி ஓடும், முடி அளவு கோடும் நிற்கும். 1817இல் தாம்சன் என்ற ஆங்கிலேயச் செதுக்கர் இதைப் பாரிசுக்குக் கொண்டுவந்தார்.

படிப்படியாகச் சொன்னால்: பல மாதங்கள், முடிந்தால் ஆண்டுகள் உலர்த்திய மரத்தை வில்லையாக அறுத்து, முகத்தைக் கண்ணாடிபோல் இழைப்பார்கள். வில்லையின் உயரம் ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். பிரெஞ்சு எழுத்து உயரம் 23.56 மில்லிமீட்டர். முகத்தில் மெல்லிய வெள்ளைப் பூச்சு. ஓவியர் அதன் மேலேயே இடம் வலம் மாற்றி வரைவார். செதுக்குபவர் வெள்ளையாக வர வேண்டிய இடத்தை எல்லாம் எடுத்துவிடுவார். கறுப்பாக வர வேண்டியது மட்டும் மேடாக நிற்கும். ஓவியரின் மூலப் படம் அந்தச் செதுக்கலோடேயே அழிந்துபோகும். 1860களில் மரத்தின் மேல் புகைப்படமாகப் பதிக்கும் வழக்கம் வந்த பிறகுதான் மூலங்கள் மிஞ்சத் தொடங்கின.

அந்த வில்லையை ஈய எழுத்தோடு சேர்த்தே சேஸ் என்னும் இரும்புச் சட்டத்தில் இறுக்கலாம் என்பதுதான் முக்கியம். ஒரே மை, ஒரே அழுத்தம், ஒரே ஓட்டம்: எழுத்தும் படமும் சேர்ந்து விழும். செம்புத் தகட்டுப் படமோ கல்லச்சுப் படமோ என்றால் தனி எந்திரத்தில் தனியாக ஓட்டி, பிறகு இடையில் ஒட்ட வேண்டும். அந்த இரட்டைக் கூலியை நாலு சூ தாங்காது. மலிவுப் பட நாவல் 1830களுக்குப் பிறகு சாத்தியமானதற்குத் தொழில்நுட்பக் காரணம் என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், இதைச் சொல்வோம். 1833இல் தொடங்கிய 'மகாசேன் பித்தொரெஸ்க்' என்னும் இரண்டு சூ வார இதழ் இதற்கு முன்னோடி. அங்கே பயின்ற கைகள்தான் பின்னால் நாவலுக்கு வந்தன.

கெடுவது எங்கே என்று கேட்டால், பட்டியல் நீளும். வில்லை ஒரு தாள் கனம் தாழ்ந்தால் படம் சாம்பல் பூத்துப்போகும். அடியில் காகிதத் துண்டு வைத்துத் தூக்க வேண்டும். ஒரு தாள் உயர்ந்தால் கறுப்பு அப்பிக்கொண்டு தாளே கிழியும். இருட்டான பகுதிக்கு அழுத்தம் கூட்டவும் வெளிச்சமான பகுதிக்குக் குறைக்கவும் மேக்-ரெடியில், அதாவது ஓட்டத்துக்கு முன் அழுத்தத்தைச் சரிசெய்யும் வேலையில், காகிதத்தை வெட்டி ஒட்ட வேண்டும், அதற்கு மணிக்கணக்காகும். நாலு சூ வேலையில் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. அதனால்தான் ஒரே வில்லை விலை உயர்ந்த பதிப்பில் பளிச்சென்றும் மலிவுப் பதிப்பில் கரிபிடித்த மாதிரியும் இருக்கிறது. ஈயத்தைக் கழுவுகிற தண்ணீர் மரத்தில் பட்டால் ஊதிவிடும். டர்பன்டைனால்தான் துடைக்க வேண்டும். பாக்ஸ்வுட் தண்டு ஒல்லி என்பதால் பெரிய படத்துக்குப் பல துண்டுகளை மறையாணி போட்டு இணைப்பார்கள். இணைப்பு தளர்ந்தால் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழும். பழைய பிரதிகளில் அந்தக் கோட்டைச் சாதாரணமாகவே காணலாம்.

பெரிய எண்ணிக்கைக்கு மூல வில்லையை ஓட்டவே மாட்டார்கள். மெழுகிலோ குட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலிலோ அச்செடுத்து, கிராஃபைட் தூள் பூசி, செம்பு சல்பேட் தொட்டியில் மின்சாரம் செலுத்தினால் மெல்லிய செம்புத் தோடு படியும். அதன் முதுகில் ஈயம் ஊற்றி மரக்கட்டையில் ஏற்றினால் இன்னொரு பிளாக் தயார். ஸ்டீரியோவுக்குக் காகிதக் கூழ் அச்சைச் சூட்டில் உலர்த்த வேண்டும். மர வில்லையை அந்தச் சூட்டில் வைத்தால் வெடிக்கும். ஆகவே முதலில் செம்புப் பிளாக், பிறகு ஸ்டீரியோ என்ற வரிசையை மாற்றக் கூடாது.

இந்தப் பிரதிகளை விற்கவும் செய்தார்கள். லண்டனில் ஒரு கப்பல் கட்டுரைக்குச் செதுக்கிய புயல், பாரிசில் ஒரு நாவலின் புயலாகிவிடலாம்!

ஏன் இரண்டு பத்தி?
– ஒரு வாசகர், ஈரோடு

பொடி எழுத்தில் வரி நீளமானால், வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்பும் கண் தடுமாறும். பத்தியாகப் பிரித்தால் பொடி எழுத்தையும் படிக்கலாம். இன்னொரு லாபம்: ஒரு பத்தி அகலத்தில் சிறு படத்தைச் செருகலாம், பக்கம் முழுவதையும் கலைக்க வேண்டாம்.

அரசாங்கம் சும்மா இருந்ததா? தணிக்கை, வரி எதுவும் இல்லையா?
– சட்டக் கல்லூரி மாணவி, சென்னை

சும்மா இருக்கவில்லை. 1848 புரட்சிக்கு எழேன் ஸ்யூவின் தொடர்களும் ஒரு காரணம் என்று வலதுசாரிகள் நம்பினார்கள். 1850 ஏப்ரலில் அவர் பாரிசிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். அதே ஆண்டு ஜூலையில் ரியான்சே என்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் சட்டமாயிற்று: தொடர்கதை தாங்கிய செய்தித்தாள் படி ஒன்றுக்குக் கூடுதலாக 1 சாந்தீம் முத்திரை வரி. கதையைத் தடை செய்யவில்லை, செலவை ஏற்றிவிட்டார்கள். தனியாக விற்ற நாலு சூ ஃபாரத்தை அந்த வரி தொடவில்லை.

தெருவில் சுமந்து விற்பவருக்கு வேறு கட்டுப்பாடு. 1852 இறுதியில் அமைத்த ஆணையம் நூல்களைப் பார்த்து அனுமதித்தால், படி ஒவ்வொன்றிலும் நீல முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாததைக் கிராமத்துக்கு எடுத்துப் போனால் பறிமுதல். அச்சகம் வைக்கவும் புத்தகக் கடை வைக்கவும் நெப்போலியன் காலத்து 1810 ஆணைப்படி உரிமம் வேண்டும். பாரிசில் அச்சகங்களின் எண்ணிக்கைக்கே வரம்பு இருந்தது. இந்த உரிமமுறை 1870 செப்டம்பரில் போயிற்று. 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டம் மீதிக் கதவுகளையும் திறந்தது. 1880களில் பத்துச் சாந்தீம் ஃபாரங்கள் வெள்ளமாக வந்ததற்கு, கல்வியை இலவசமும் கட்டாயமும் ஆக்கிய ழூல் ஃபெர்ரியின் பள்ளிச் சட்டங்களை மட்டும் காரணமாகச் சொல்வார்கள். 1882இல் பள்ளியில் சேர்ந்த ஆறு வயதுக் குழந்தை அந்த ஆண்டே கொலைக் கதை வாங்கியிருக்காது. படிக்கத் தெரிந்தவர்கள் தொடக்கப் பள்ளிகளைப் பெருக்கிய 1833ஆம் ஆண்டு கிஸோ சட்டத்திலிருந்தே பெருகிவந்தார்கள். 1881இல் விலகியது கடைக்காரரின் தடை.

ஒரு சூ பத்திரிகை எப்போது வந்தது? அது நாலு சூ நாவலைக் கொன்றதா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

1863 பிப்ரவரி 1ஆம் தேதி, மில்லோ தொடங்கிய 'லெ பெத்தி ழூர்னால்'. விலை 5 சாந்தீம், சந்தா கட்டாயமில்லை, தெருவில் தனித்தாள் விற்பனை. அரசியல் எழுதும் தாள் பாரிசில் படிக்கு 6 சாந்தீம் முத்திரை வரி கட்ட வேண்டும். இந்தத் தாளின் விலையே 5. ஆகவே அரசியலை அறவே விட்டுவிட்டுக் கொலை, நீதிமன்றம், தொடர்கதை என்று நிரப்பினார்கள். பொன்சோன் தியு தெராயின் ரொகாம்போல் என்ற சாகசக்காரனின் கதைகளும் கபோரியோவின் துப்பறியும் கதைகளும் இதில்தான் பெருங்கூட்டத்தை அடைந்தன. 1869இல் ட்ரோப்மன் என்பவர் ஒரு குடும்பத்தையே கொன்ற வழக்கின்போது தாள் நான்கு லட்சம் படியைத் தாண்டியது. மரினோனி என்பவரின், உருளை சுழன்று அச்சிடும் சுழல் எந்திரம் இல்லாமல் அந்த வேகம் நடந்திருக்காது.

நாலு சூ நாவலை அது கொல்லவில்லை, விலையை இறக்கவைத்தது. 1855இலேயே 'ழூர்னால் பூர் தூ' என்ற வார இதழ் 16 பக்கத்தைப் படங்களோடு இரண்டு சூவுக்குக் கொடுத்தது. பின்னாளில் நாவல் ஃபாரமும் பத்துச் சாந்தீமுக்கு வந்தது. ஐந்தைச் சேர்த்து வண்ண உறை போட்டு 50 சாந்தீமுக்கு விற்பதும் உண்டு. முதல் ஃபாரத்தை இலவசமாக வீடு வீடாகப் போடுவது இந்தக் காலத்து உத்தி. முதல் ஃபாரம் வாங்கியவரில் கடைசிவரை வருபவர் குறைந்துகொண்டே போவார், அதற்கேற்ப அச்சிடும் எண்ணிக்கையையும் குறைப்பார்கள். முழுத் தொகுப்பு இன்று கிடைப்பது அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஜூல்ஸ் வெர்ன் நாவல்களும் இந்த வகையா?
– பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

ஒரு கால் மட்டும் இதில். பதிப்பாளர் எட்செல் அதே நாவலைப் படமில்லாத சிறு பதிப்பாகவும், படம் போட்ட பத்துச் சாந்தீம் ஃபாரமாகவும், புத்தாண்டுப் பரிசுக்கென்று சிவப்புத் துணியில் பொன் அச்சிட்ட கனத்த பதிப்பாகவும் விற்றார். இன்று ஏலத்தில் பெரிய விலை போவது மூன்றாவது. உள்ளே இருக்கும் படங்கள் இரண்டாவதிலும் அதேதான்.

ஃபாந்தோமாஸ் என்ற மாறுவேடக் குற்றவாளியின் கதை வரிசை வந்த 65 சாந்தீம் புத்தகம் பற்றிச் சொல்லுங்கள். அது எந்த வகையில் புதுமை?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

ஷார்பாந்தியே வைத்த மூன்றரை பிராங்க், 1900இலும் புது நாவலின் வழக்கமான விலையாக இருந்தது. ஆர்த்தெம் ஃபயார் பதிப்பகம் 1904இல் உள்ளே படங்களோடு 95 சாந்தீம் வரிசை ஒன்றைத் தொடங்கி ஆழம் பார்த்தது. 1905இல் 'லெ லிவ்ர் போப்யுலேர்': 65 சாந்தீம், பதின்மூன்று சூ. இங்கே தவணை கிடையாது. முழு நாவலும் ஒரே கனத்த புத்தகமாகக் கையில் வரும். மரக்கூழ்த் தாள், பொடி எழுத்து, ஸ்டீரியோ. உள்ளே படம் இல்லை. படத்துக்கு ஆகும் காசு முழுவதையும் அட்டையில் கொட்டினார்கள். பளீரென்ற வண்ண அட்டைகளை வரைந்தவர் இத்தாலியில் பிறந்த ஜீனோ ஸ்தராச்: கழுத்தை நெரிக்கும் கை, பிணத்தின் மேல் விழும் விளக்கொளி, மயங்கிச் சரியும் பெண். ரயில் நிலையக் கடையில் ஐம்பது புத்தகத்துக்கு நடுவே அது தெரியும்.

ஃபாந்தோமாஸ் இந்த ஆலையின் உச்சம். 1911 பிப்ரவரியிலிருந்து 1913 செப்டம்பர்வரை மாதத்துக்கு ஒன்றாக 32 பாகம். பியேர் சுவெஸ்த்ர், மார்செல் அலேன் இருவரும் கதைத் திட்டத்தைச் சேர்ந்து போட்டு, அத்தியாயங்களைப் பங்கு பிரித்துக்கொண்டு, மெழுகு உருளையில் பேசிப் பதிவு செய்வார்கள். தட்டச்சர்கள் கேட்டு அடிப்பார்கள். திருத்த நேரமில்லை, அது படிக்கும்போது தெரியும். சொன்னதையே சொல்வது, செத்தவர் திரும்ப வருவது எல்லாம் உண்டு. குறை என்று சொல்லலாம். எங்களுக்கு அந்த வேகத்தின் ருசியே அதில்தான் இருப்பதாகப் படுகிறது.

போட்டிக்குத் தலாந்தியே என்ற பதிப்பாளர் 1909இல் அதே 65 சாந்தீமில் ஒரு வரிசை கொண்டுவந்தார். சாகசத்துக்குச் சிவப்பு அட்டை, காதலுக்கு நீலம். இதற்கு முன்பே 1907இல் ஐக்லர் என்ற ஜெர்மன் பதிப்பாளர் பஃபலோ பில், நிக் கார்ட்டர் கதைகளை வண்ண அட்டையோடு 25 சாந்தீமுக்கு இறக்கியிருந்தார். தொடர் அல்ல, வாரம் ஒரு முழுக்கதை. சிறுவர்கள் அதற்குப் பறந்தார்கள்.

இந்த அலை தமிழை எந்த வழியிலாவது தொட்டதா?
– ஆய்வு மாணவர், தஞ்சாவூர்

சுற்றுவழியில் தொட்டது. ஸ்யூவின் பாரிஸ் மர்மங்களைப் பார்த்துத்தான் 1844இல் ஆங்கில எழுத்தாளர் ரெயினால்ட்ஸ் லண்டன் மர்மங்களை ஒரு பென்னி வாரப் பகுதிகளாக, முதல் பக்கப் படத்தோடு எழுதத் தொடங்கினார். ரெயினால்ட்ஸ் நாவல்கள் இந்தியாவில் பெரும் செல்வாக்குப் பெற்றன. தமிழில் அவரைத் தழுவி எழுதியவர்களில் முதன்மையானவர் ஆரணி குப்புசாமி முதலியார். ஆக நம் தொடக்கக் காலத் துப்பறியும் நாவலுக்குப் பாரிசில் ஒரு பாட்டனார் உண்டு.

வீட்டில் தாத்தா காலத்துப் பிரெஞ்சு நாவல் தொகுப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு பத்தி, படங்கள், ஆண்டு எங்கும் இல்லை. வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? தாள் உதிர்கிறது, என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, புதுச்சேரி

ஆண்டு போடாதது வேண்டுமென்றே. பழைய சரக்கைப் புதிதுபோல் விற்கலாம் அல்லவா? ஆனால் அச்சகத்தார் தம் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்பது 1814ஆம் ஆண்டு முதல் சட்டம். கடைசிப் பக்கத்தின் அடியிலோ தலைப்புப் பக்கத்தின் பின்புறத்திலோ பொடி எழுத்தில் அச்சகப் பெயரும் தெருவும் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரான்சில் அரசுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட நூல்களின் வாரப் பட்டியல் 1811 முதல் வந்தது; 'பிப்லியோகிராஃபி தெ லா ஃபிரான்ஸ்' என்பது பின்னால் அதற்கு நிலைத்த பெயர். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பான காலிக்காவில் இலவசமாகத் தேடலாம். தலைப்பு, பதிப்பாளர், அச்சகம் மூன்றும் பொருந்தினால் ஆண்டு கிடைத்துவிடும்.

பத்து மடங்கு பூதக்கண்ணாடி இருந்தால் படத்தைப் பாருங்கள். கறுப்புப் பகுதிக்குள் வெள்ளைக் கோடுகள் கூராக ஓடி, குறுக்கிடும் இடத்தில் பொடிப் பொடியான கட்டங்களாகத் தெரிந்தால் மரச் செதுக்கல். பேனாவால் தாராளமாகக் கீறியதுபோல் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்துச் செய்த லைன் பிளாக். ழில்லோ என்பவர் 1850இல் உரிமம் பெற்ற முறை, புகைப்படத்தோடு சேர்ந்து 1870களில் பரவியது. புள்ளி வரிசை தெரிந்தால், புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன். 1880களுக்கு முன் போக வாய்ப்பில்லை. ஆனால் பழைய பிளாக்குகளை முப்பது ஆண்டு கழித்தும் ஓட்டியிருக்கிறார்கள். படம் சொல்வது 'இதற்கு முன் இல்லை' என்ற எல்லையைத்தான். தாளையும் சேர்த்துப் பாருங்கள். ஓரம் பழுப்பேறி மடித்தால் ஒடிகிறது என்றால் மரக்கூழ், 1870களுக்குப் பிந்தையதாக இருக்கலாம். கந்தல் தாள் துவளும், புள்ளி புள்ளியாகக் கறை படியும், ஒடியாது.

இனிப் பாதுகாப்பு. செலோடேப் வேண்டாம், லாமினேஷன் வேண்டவே வேண்டாம். இரண்டையும் பிறகு எடுக்க முடியாது. உள்ளூர் பைண்டரிடம் கொடுப்பதாக இருந்தால் மைதாப் பசையில் மயில் துத்தம் (செம்பு சல்பேட்) கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சிக்குப் பயந்து அதைச் சேர்ப்பது வழக்கம். செம்பு கலந்தால் ஏற்கெனவே அமிலம் ஏறிய தாள் இன்னும் வேகமாக உதிரும். சுத்தமான கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் போதும். ஓரத்தை மட்டம் தட்டி வெட்ட விடாதீர்கள். பல ஃபாரங்களில் ஓரத்தில் பதிப்புத் தகவல் இருக்கும். கம்பித் தையல் துருப்பிடித்திருந்தால் இழுக்காமல், கம்பியின் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்திப் பிறகு எடுக்க வேண்டும்.

கடற்கரை ஊர் என்பதால் இரும்பு பீரோவில் அடைத்து வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, காற்றோட்டமான உள் சுவர்ப் பக்கம் வையுங்கள். நாப்தலின் உருண்டை தாளைத் தொடக் கூடாது. இராமபாணப் பூச்சி வந்திருந்தால் அது பசையைத் தேடித்தான் முதுகிலிருந்து தொடங்கும். மாதம் ஒருமுறை முதுகை மட்டும் பார்த்தால் போதும். ஸ்கேன் எடுக்கும்போது புத்தகத்தை 90 பாகைக்கு மேல் விரிக்காமல், மேலிருந்து கேமராவால் எடுங்கள். கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். தொகுப்பில் கடைசி ஃபாரங்களும் முழுமையாக இருக்கின்றனவா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். இருந்தால், செலவு செய்து பாதுகாக்கத் தக்கது.